அமெரிக்க பிரைமரியில் ஒருவர் "இவர்தான்" என்று எப்படி முடிவெடுக்கிறார்? நேரில் கண்டதை எழுதுங்கள்

பாஸ்டன் புறநகரிலிருந்து

நவம்பர் தேர்தலில் தன் கட்சி யாரை நிறுத்த வேண்டும் என்று தீர்மானிக்கும் முதற்கட்டத் தேர்தல்தான் பிரைமரி. அதில் ஓட்டுப் போடுகிறவர்களிடம் நேரில் பேசிய அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள் நண்பர்களே. கருத்துக்கணிப்பு எண்களைத் தேடினால் கிடைத்துவிடும். வாசலில் நின்று ஒருவர் தன் காரணத்தைச் சொல்லும்போது கேட்பது வேறு. என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

2020 பிப்ரவரியில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட எங்கள் செனட்டர் எலிசபெத் வாரனுக்காக நியூ ஹாம்ப்ஷரின் நாஷுவாவில் வீடு வீடாகப் போனேன். மாசசூசெட்ஸ் எல்லையைத் தாண்டினால் உடனே வரும் ஊர் அது. போகிறவர்கள் கையில் பட்டியல் இருக்கும். பேசி முடித்ததும் அந்த வாக்காளரின் ஆதரவை 1 முதல் 5 வரை குறிக்க வேண்டும். 1 என்றால் உறுதியான ஆதரவு, 5 என்றால் திரும்பப் போக வேண்டாம்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் உள்ளே அழைத்து உட்கார வைத்துப் பேசினார். வாரனின் குழந்தைக் காப்பகத் திட்டம், மாணவர் கடன், பெரும் பணக்காரர்களின் சொத்து மீதான வரி என்று என்னைவிடத் தெளிவாக அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பிறகு, "ஆனால் நான் ஏமி க்ளோபுச்சருக்குத்தான் போடப் போகிறேன்" என்று அதே கட்சியின் இன்னொரு வேட்பாளரைச் சொன்னார். காரணம் கேட்டேன். "என் தம்பி பென்சில்வேனியாவில் இருக்கிறான். போன தடவை ட்ரம்புக்குப் போட்டான். வாரன் நின்றால் அவன் திரும்பி வர மாட்டான், ஏமி நின்றால் யோசிப்பான்." அவர் தன் ஓட்டைத் தம்பியின் மனதில் நுழைந்து போட்டுக்கொண்டிருந்தார்.

கொள்கைப்படி அவர் 1. ஓட்டுப்படி 4. நான் 4 என்று குறித்தேன்.

அதே தெருவில் அடுத்தடுத்த வீடுகளிலும் இதே பேச்சுதான். வாரனைப் பிடிக்கும், ஆனால் மற்றவர்கள் போட மாட்டார்கள். ஒரு வீட்டுக்காரர் சொன்ன அந்த "மற்றவர்கள்" பக்கத்து வீட்டில்தான் இருந்தார்கள், அவர்களுக்கும் வாரனைப் பிடித்திருந்தது. ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டதே இல்லை. வாரன் அந்த மாநிலத்தில் நான்காவதாக வந்தார். பிப்ரவரி 7 அன்று மான்செஸ்டரில் நடந்த விவாதத்தில் நன்றாகப் பேசிய க்ளோபுச்சர் மூன்றாவதாக வந்துவிட்டார். வாக்குச்சாவடி வாசலில் கேட்டபோது ஏறக்குறைய பாதிப் பேர் கடைசிச் சில நாட்களில்தான் முடிவெடுத்தோம் என்று சொல்லியிருந்தார்கள்.

என் எண்ணம் இதுதான். நவம்பர் தேர்தலில் கட்சிப் பெயரே பாதி வேலையை முடித்துவிடும். பிரைமரியில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே கட்சி, பேசுவதும் பெரும்பாலும் ஒரே திசையில். அப்போது வாக்காளர் பிடித்துக்கொள்ள வேறு ஏதாவது வேண்டும். பலர் பிடித்துக்கொள்வது, ஊர் யாருக்குப் போடும் என்ற தங்கள் ஊகத்தை. உங்கள் ஊரில் எப்படி?

வெஸ்ட் டி மாயின், அயோவாவிலிருந்து

அண்ணா, உங்கள் ஊரில் மறைவாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வரலாம். எங்கள் ஜனநாயகக் கட்சியில் பிரைமரிக்குப் பதிலாக காக்கஸ் என்ற கூட்டம் நடக்கும், அதில் அப்போது அந்த வசதியே கிடையாது. 2020 பிப்ரவரி 3 இரவு எங்கள் பகுதிக்காரர்கள் எல்லோரும் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடினோம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. யார் எந்த மூலையில் நிற்கிறார் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள், என் மகளின் பல் மருத்துவர் உட்பட. பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் சேராத மூலை கலைந்துவிடும். அதில் நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம்.

நான் ஆண்ட்ரூ யாங் மூலையில் நின்றேன். தேறவில்லை. உடனே நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து அழைத்தார்கள். அந்த நிமிடங்களில் ஒருவர்கூட மருத்துவக் காப்பீடு பற்றியோ வரி பற்றியோ பேசவில்லை. "இன்னும் சில பேர் வந்தால் எங்கள் மூலை தேறிவிடும்", "வா, நம் தெருக்காரர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம்", இவ்வளவுதான். என்னோடு நின்ற பெரியவர் புட்டஜெஜ் மூலைக்குப் போனார். அங்கே அழைத்த பெண், அவர் மனைவி படுக்கையில் இருந்தபோது பார்த்துக்கொண்ட நர்ஸ். "அவள் சொன்னால் எனக்குப் போதும்" என்றார். எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை. ஒரு வேட்பாளரை நாம் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறோம், அந்த நர்ஸை அவர் மாதக்கணக்கில் பக்கத்தில் பார்த்திருக்கிறார்.

அன்றிரவு முடிவை அனுப்பும் செயலி சொதப்பியதால் நாட்கணக்கில் யார் ஜெயித்தார் என்றே தெரியவில்லை. அதற்கப்புறம் எங்கள் ஜனநாயகக் கட்சி இந்த மூலை முறையையே கைவிட்டு, 2024இல் தபால் வழி அட்டைக்கு மாறிவிட்டது.

நேரில் வந்து கை குலுக்கினால் அயோவா மனம் மாறும் என்று பலரும் சொல்வார்கள். 1976இல் ஜிம்மி கார்ட்டர் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தார், சரி. ஆனால் 2024இல் குடியரசுக் கட்சியின் காக்கஸுக்காக டிசாண்டிஸ் 99 மாவட்டங்களுக்கும் போனார். விவேக் ராமசாமியும் விடாமல் சுற்றினார். நம்மூர்க்காரர்கள் சிலர், வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பையன் என்பதற்காகவே அவர் கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். அவர் நான்காவதாக வந்து அன்றிரவே விலகினார். அவர்களைவிட மிகக் குறைவாக வந்த ட்ரம்ப் 51 சதவீதம் வாங்கினார். ஏற்கெனவே மனதில் இடம் பிடித்தவரைக் கை குலுக்கலால் அசைக்க முடியாது என்று அந்தக் கடுங்குளிர் இரவில் புரிந்தது.

கொலம்பியா, தென் கரோலினாவிலிருந்து

நியூ ஹாம்ப்ஷர் ஆசிரியை தம்பிக்காக ஓட்டை மாற்றினார் என்றீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா அதையே ஒரு சமூகம் முழுவதுக்கும் சேர்த்துச் செய்தார்.

கறுப்பின மூதாட்டி, எழுபதைத் தாண்டியவர். நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் பீன்ஸும் சோளரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தவர். 2020இல் அவருடைய பேரன் பெர்னி சாண்டர்ஸ் பக்கம். வீட்டு முன்புல்லில் பேரன் சாண்டர்ஸ் பலகையை நட்டான், அம்மா அதைப் பிடுங்கவில்லை. ஆனால் ஓட்டு யாருக்கு என்று கேட்டபோது தயங்காமல் "ஜோ" என்றார்.

ஜோ பைடன் அப்போது நொந்துபோன வேட்பாளர். அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷரில் ஐந்தாவது. பணமும் வற்றிப்போயிருந்தது. நான் அந்த அம்மாவிடம் கேட்டேன், "அவர்தான் எல்லா இடத்திலும் தோற்கிறாரே?" அவர் பதில் எனக்கு இன்னும் வரிக்கு வரி நினைவிருக்கிறது: "அந்த இரண்டு மாநிலத்திலும் நாங்கள் எத்தனை பேர் இருக்கிறோம்? எங்களை இன்னும் யாரும் கேட்கவில்லை, மகளே."

பிறகு விளக்கினார். வெள்ளைக்கார வாக்காளர்கள் நவம்பரில் யாரை ஏற்பார்கள் என்பதை நாங்கள் வாழ்நாள் முழுக்கக் கவனித்தே வந்திருக்கிறோம், அதைத் தவறாகக் கணித்தால் அடி எங்களுக்குத்தான் முதலில் விழும் என்றார். கனவு காணும் வயதில் பேரன் இருக்கிறான், காணட்டும். நான் கணக்குப் பார்க்கிறேன். ஒபாமாவுக்குப் பக்கத்தில் எட்டு வருடம் முணுமுணுக்காமல் நின்றவர் ஜோ, அது எனக்குப் பெரிய விஷயம் என்றார்.

பிப்ரவரி 26 அன்று எங்கள் காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் க்ளைபர்ன் பைடனை ஆதரித்துப் பேசினார். "நமக்கு ஜோவைத் தெரியும். அதைவிட முக்கியம், ஜோவுக்கு நம்மைத் தெரியும்." அம்மா அன்றைக்கு முடிவெடுக்கவில்லை, முன்பே எடுத்துவிட்டார். ஆனால் அவருடைய தேவாலயத்தில் குழம்பிக்கொண்டிருந்த பலருக்கு அந்தப் பேச்சுதான் முடிச்சை அவிழ்த்தது என்று சொன்னார். 29ஆம் தேதி பைடனுக்கு 48 சதவீதத்துக்கு மேல், சாண்டர்ஸுக்கு ஏறத்தாழ 20. மூன்று நாட்களில் சூப்பர் செவ்வாய், பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் நாள். இடையில் புட்டஜெஜும் க்ளோபுச்சரும் விலகி பைடனை ஆதரித்தார்கள். பைடன் பிரசாரமே செய்யாத மாசசூசெட்ஸிலும் ஜெயித்தார், அதுவும் வாரனின் சொந்த மாநிலம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வாக்காளர்களை "வயதானவர்கள், பழகிய பெயருக்குப் போடுகிறார்கள்" என்று சிலர் எழுதும்போது எனக்குக் கோபம் வரும். 2007இல் இதே ஊரில் கறுப்பின வாக்காளர்களிடம், ஒபாமாவோடு போட்டியிட்ட ஹிலரி கிளிண்டனுக்கு நல்ல ஆதரவு இருந்தது. 2008 ஜனவரியில் வெள்ளையர் நிறைந்த அயோவாவே ஒபாமாவைத் தேர்ந்தெடுத்தது தெரிந்ததும், இங்கே காற்று திரும்பி ஒபாமா 55 சதவீதம் வாங்கினார். பழகிய பெயர் மட்டும் போதுமென்றால் அது நடந்திருக்காது. ஜெயிக்க முடியும் என்ற அத்தாட்சிக்காகக் காத்திருந்தார்கள், கிடைத்ததும் மனம் விரும்பியவருக்குப் போட்டார்கள்.

சியாட்டில் பக்கத்திலிருந்து

எங்களுக்கு எல்லாமே தபால் ஓட்டு. 2020இல் மார்ச் 10 பிரைமரி, ஆனால் வாக்குச்சீட்டு பிப்ரவரியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. என் கணவர் வந்த வாரமே வாரனுக்குப் போட்டு அனுப்பினார். மார்ச் 5 அன்று வாரன் விலகிவிட்டார். நான் உறையை மேசை மேலேயே வைத்துக் காத்திருந்தேன், போட்டி பைடனா சாண்டர்ஸா என்று ஆன பிறகு குறித்தேன். ஒரே வீடு, ஒரே விருப்பம், தேதியால் இரண்டு வேறு ஓட்டு.

இன்னொரு தடை: உறையின் வெளியிலேயே எந்தக் கட்சி என்று குறித்துக் கையெழுத்திட வேண்டும். அதற்காகவே ஓட்டுப் போடாத பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு இருக்கிறார். நவம்பரில் தவறாமல் போடுவார்.

பிளேனோ, டெக்சாஸிலிருந்து

இதுவரை எழுதியவர்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். "யார் ஜெயிப்பார் என்று ஊகித்துப் போடுகிறார்கள்" என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, குறைந்தபட்சம் 2016இல் குடியரசுக் கட்சியில் நான் பார்த்தது நேர் எதிர்.

எங்கள் அலுவலகத்தில் ஏசி பழுதுபார்க்க வருபவர் தீவிர ட்ரம்ப் ஆதரவாளர். அவரிடம், "ஹிலரியை இவர் ஜெயிக்க மாட்டார் என்கிறார்களே?" என்றேன். "ஜெயிக்கிறவனாகப் பார்த்து 2008இல் மெக்கெய்னுக்குப் போட்டேன், 2012இல் ராம்னிக்குப் போட்டேன். இரண்டு பேரும் தோற்றார்கள். இந்தத் தடவை எனக்குப் பிடித்தவனுக்கு" என்றார். அவருக்கு எல்லையும், வேலைகள் வெளிநாடு போவதும்தான் பிரச்சினை. மற்ற வேட்பாளர்கள் அதைச் சுற்றி வளைத்துப் பேசினார்கள், ட்ரம்ப் நேராகப் பேசினார். அந்த வருடம் பல மாநிலங்களில் வாக்குச்சாவடிக் கணிப்பில் இது தெரிந்தது: "மனதில் பட்டதைச் சொல்பவர் வேண்டும்" என்றவர்களில் பெரும்பாலோர் ட்ரம்புக்கு. "நவம்பரில் ஜெயிப்பவர் வேண்டும்" என்றவர்களிடம் மார்கோ ரூபியோ நன்றாக வாங்கினார், ஆனால் அப்படிச் சொன்னவர்களே குறைவு.

என் மேலாளர் டெட் க்ரூஸுக்குப் போட்டார். கருக்கலைப்பு, உச்ச நீதிமன்ற நீதிபதிகள், இந்த இரண்டு மட்டுமே அவருக்குக் கேள்வி. 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்தபோது முடிவு இன்னும் இறுகிவிட்டது. டெக்சாஸில் க்ரூஸ் ஜெயித்தார். யாருடைய ஊகமும் என் மேலாளருக்குத் தேவைப்படவில்லை.

அப்புறம், டெக்சாஸில் யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் போடலாம். எனக்குத் தெரிந்த சில ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் மார்ச்சில் குடியரசுக் கட்சிச் சீட்டைத்தான் வாங்குவார்கள், ஏனென்றால் எங்கள் மாவட்டத்தின் நீதிபதி பதவிகள் பலவும் அங்கேயே முடிவாகிவிடும். அதிபர் பெயர் அந்தச் சீட்டின் மேல் வரி, அவ்வளவுதான்.

டெட்ராய்ட் பக்கத்திலிருந்து

2024 பிப்ரவரி 27, எங்கள் மிச்சிகனில் ஜனநாயகக் கட்சி பிரைமரி. என்னோடு வேலை செய்யும் லெபனான் வம்சாவளி நண்பர் டியர்பார்னில் இருக்கிறார். 2020இல் பைடனுக்காக அலைந்து ஓட்டுக் கேட்டவர். இந்த முறை "யாருக்கும் உறுதியில்லை" என்ற கட்டத்தில் குறித்தார். காஸாவில் உறவினர்களை இழந்தவர்கள் அவர் தெருவில் இருந்தார்கள். "இந்த ஓட்டால் யாரும் ஜெயிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். வெள்ளை மாளிகைக்கு நான் அனுப்பக்கூடிய கடிதம் இது ஒன்றுதான்" என்றார். மாநிலம் முழுக்க ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அப்படிப் போட்டார்கள், சுமார் 13 சதவீதம். டியர்பார்னில் பைடனைவிட அந்தக் கட்டத்துக்கே அதிக ஓட்டு.

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து

எங்கள் முறை ஜூனில் வரும். 2016இல் நாங்கள் ஓட்டுப் போடுவதற்கு முந்தைய இரவே கட்சி வேட்பாளராவதற்குத் தேவையான அளவு மாநாட்டுப் பிரதிநிதிகள் ஹிலரிக்குச் சேர்ந்துவிட்டார்கள் என்று செய்தி வந்துவிட்டது. மறுநாள் என் மாமனார் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் ஓட்டுப் போட்டார், குடியுரிமை வாங்கிய பிறகு அவருக்கு அதுதான் முதல் தேர்தல். ஹிலரிக்குத்தான் போட்டார். காரணம் கேட்டதற்கு, "அந்த அம்மா 2008இல் ஒபாமாவிடம் தோற்ற பிறகும் அவருக்குக் கீழே வேலை பார்த்தாரே" என்றார்.

பாஸ்டன் புறநகரிலிருந்து

பிளேனோ நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ட்ரம்பிடம் இரண்டாவது தடவை தோற்கும் பயம் 2020இல் எங்கள் பக்கம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. 2016இல் உங்கள் பக்கம் இருந்தது பயமல்ல, சொந்தக் கட்சித் தலைமை மீது கோபம். பயந்தவர் மற்றவர்களைப் பார்த்துப் போடுகிறார், கோபப்பட்டவர் தனக்காகப் போடுகிறார் என்று இப்போது தோன்றுகிறது. தென் கரோலினா அம்மா இந்த இரண்டிலும் அடங்க மாட்டார், அவரிடம் இருந்தது கணக்கு.

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார்: எச்1பி விசாவில் இருப்பவர் பிரசாரத்துக்குப் போகலாமா? சம்பளம் வாங்காமல் தன்னார்வலராகப் போகலாம். நன்கொடை மட்டும் தரக் கூடாது, அதற்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். போகிறவர்கள் வாசலில் "யாருக்குப் போடப் போகிறீர்கள்?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "ஜெயிப்பது பற்றிக் கவலையே இல்லையென்றால் யாருக்குப் போடுவீர்கள்?" என்றும் கேளுங்கள். இரண்டு பதிலும் வேறாக இருந்தால் அந்த வீட்டில் இன்னும் பத்து நிமிடம் நில்லுங்கள், அவர் தன் காரணத்தை முழுதாகச் சொல்வார்.