காதல் பரிசுகளின் மறைவான விலை: முத்திரை பார்த்து வாங்கினால் போதுமா?

நித்திலம் (கேள்வி)

வணக்கம். காதலைச் சொல்லப் பரிசு என்றதும் பலரின் கை நான்கு பொருட்களுக்குத்தான் போகிறது: ரோஜாக் கொத்து, சாக்லேட் பெட்டி, தங்க மோதிரம், அதில் பதிக்க ஒரு சின்ன வைரம். இவை கடைக்கு வந்து சேருமுன் எங்கோ யாருடைய உடம்பையோ, ஏதோ ஓர் ஆற்றையோ கெடுத்துவிட்டு வருகின்றன என்பது தெரியும். "எதையும் வாங்காதே" என்ற பதில் வேண்டாம். கெடுதல் சரியாக எந்தக் கட்டத்தில் நடக்கிறது? அட்டையில் அச்சிட்டிருக்கும் சான்றிதழ் முத்திரை அந்தக் கட்டத்தைத் தொடுகிறதா, இல்லையா? விற்பவரிடம் எதைக் கேட்டால் உருப்படியான பதில் வரும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பசுமைக்குடில்

ரோஜாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விமானத்தில் வருவதுதான் ரோஜாவின் பெரிய பாவம் என்று பலர் நினைக்கிறார்கள். 2007இல் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் 12,000 ரோஜாக்களுக்குக் கணக்குப் போட்டது. கென்யாவில் வளர்ந்து விமானம் ஏறி வந்தவற்றுக்குச் சுமார் 6,000 கிலோ கரியமில வாயு. நெதர்லாந்தில் பசுமைக்குடிலில் வளர்ந்தவற்றுக்குச் சுமார் 35,000 கிலோ. அதாவது ஒரு தண்டுக்கு அரைக் கிலோ ஒரு பக்கம், ஏறக்குறைய மூன்று கிலோ இன்னொரு பக்கம். குளிர்காலத்தில் எரிவாயுவால் குடிலைச் சூடாக்குவதும் விளக்கு வெளிச்சம் கொடுப்பதும்தான் வித்தியாசத்துக்குக் காரணம். பழைய கணக்குதான், நிலத்தடி வெப்பத்தில் ஓடும் குடிலுக்கு இது பொருந்தாது. ஆனால் தொலைவை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

மனிதர்களுக்கான கெடுதல் மருந்து அடிப்பதில் இருக்கிறது. ரோஜா உண்ணும் பொருள் அல்ல. அதனால் காய்கறிக்கு இருப்பதுபோல மருந்து எச்சத்துக்கு உச்சவரம்பு ஐரோப்பிய ஒன்றியத்தில்கூட வெட்டுப் பூக்களுக்குக் கிடையாது. இறக்குமதி செய்யும் நாட்டின் தாவரத் தடுப்புச் சோதனையிலோ ஒரு புழு தென்பட்டாலும் சரக்கு முழுவதும் நின்றுவிடும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: கூடுதலாக அடிப்பவருக்குத் தண்டனை இல்லை, குறைவாக அடிப்பவருக்கு நஷ்டம். பெட்டிக்குள் ஈரம் தங்கினால் இதழில் சாம்பல் பூஞ்சை வரும் என்பதால், அறுவடைக்குப் பின்னும் மொட்டுகளைப் பூஞ்சைக்கொல்லியில் நனைத்து அனுப்புவது உண்டு. பெல்ஜியத்தில் பூக்கடை ஊழியர்களுக்குப் பருத்திக் கையுறை கொடுத்து, சில மணி நேரம் கொத்து கட்டிய பின் அந்தக் கையுறைகளைச் சோதித்தார்கள். அவற்றில் 100க்கும் மேற்பட்ட மருந்துப் பொருட்கள் இருந்தன.

தோட்டத்துக்குள் இன்னும் மோசம். மருந்து அடித்தபின் இத்தனை மணி நேரம் குடிலுக்குள் யாரும் போகக்கூடாது என்று புட்டியிலேயே எழுதியிருக்கும். ஆனால் ரோஜாவை மொட்டு விரியும் சரியான பருவத்தில், பெரும்பாலும் ஒரு நாளில் இரண்டு முறை வெட்ட வேண்டும். பிப்ரவரி 14க்கான பூவுக்கு ஆறு முதல் ஒன்பது வாரம் முன்பே கிளையைக் கவாத்து செய்து, எல்லாச் செடியும் ஒரே வாரத்தில் பூக்கும்படி வைத்திருப்பார்கள். அந்த வாரத்தில் குடிலைப் பூட்டிவைத்தால் பூ விரிந்து வீணாகிவிடும். காத்திருப்பு நேரம் மீறப்படுவதும், தற்காலிக ஆட்கள் பாதுகாப்பு உடை இல்லாமல் உள்ளே அனுப்பப்படுவதும் அப்போதுதான்.

முத்திரைக்கு வருகிறேன். எம்பிஎஸ்-ஏபிசி என்பது பூத்தோட்டங்களுக்கான ஒரு சான்றிதழ்; மருந்து, உரம், தண்ணீர், மின்சாரம் எவ்வளவு செலவாகிறது என்று அளப்பது. கூலி, வேலை நேரம், உடை பற்றி அது பேசாது; அதற்கு எம்பிஎஸ்-எஸ்கியூ என்று தனிச் சான்றிதழ் இருக்கிறது. ஃபேர்ட்ரேடு (நியாய வணிகம்) என்ற முத்திரை தொழிலாளர் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. கடையில் "இது எந்த நாட்டுப் பூ, வந்த பெட்டியின் லேபிளைக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். தண்டில் முத்திரை இருக்காது, பெட்டியில்தான் இருக்கும்.

இன்னொன்று. பூக்கடை ரோஜாவின் இதழைப் பிய்த்துக் கேக்கின் மேலோ குளிக்கும் நீரிலோ போடாதீர்கள். மேலே சொன்ன மருந்து அந்த இதழிலும் இருக்கலாம்.

உலைமூக்கு

தங்கம். இதில் இரண்டு உலகங்கள் உண்டு, இரண்டின் கெடுதலும் வேறு வேறு.

பெருஞ்சுரங்கத்தில் பிரச்சினை அளவுதான். இன்று பல திறந்தவெளிச் சுரங்கங்களில் ஒரு டன் தாதுவில் 1 கிராம் தங்கம் கிடைத்தாலே தோண்டுவார்கள். 18 கேரட்டில் 4 கிராம் மோதிரம் என்றால் அதில் 3 கிராம் தங்கம், அதாவது குறைந்தது 3 டன் தாது. அந்தத் தாதுவை எட்ட, மேலே கிடக்கும் வெறும் பாறையை மூன்று மடங்கு அகற்றுவதாக வைத்தால் இன்னும் 9 டன். அரைத்த தாதுவைச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சும் சேற்றை அணை கட்டித் தேக்குகிறார்கள். அந்த அணை உடைந்தால் என்ன ஆகும் என்பதை 2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பையா மாரேயில் உலகம் பார்த்தது. சுமார் 1,00,000 கன மீட்டர் சயனைடு நீர் சோமெஷ் ஆற்றிலும் அங்கிருந்து திசா, டான்யூப் ஆறுகளிலும் கலந்து மீன்களை மொத்தமாகக் கொன்றது.

மற்றொன்று கைத்தோண்டல். உலகத் தங்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இப்படித்தான் வருகிறது. அரைத்த மணலில் பாதரசம் ஊற்றிப் பிசைவார்கள். தங்கத் துகள் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் துணியில் கட்டிப் பிழிந்தால் மிகைப் பாதரசம் முத்து முத்தாக வெளியே வரும். உள்ளே சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை மிஞ்சும். அதில் ஏறக்குறைய பாதி தங்கம், பாதி பாதரசம். அந்த உருண்டையைத் தகரத் தட்டில் வைத்துத் தீக்குழலால் சுடும்போது பாதரசம் ஆவியாகப் போய்விடும். அந்த ஆவிக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. சுடுபவரின் நுரையீரல் வழியாக நரம்புக்குப் போகிறது: முதலில் கை நடுக்கம், பிறகு ஞாபக மறதி. தங்கம் வாங்கும் கடைக்குள்ளேயே சுட்டால், மேல்மாடியில் குடியிருப்பவருக்கும் அதே கதி. ஆற்றுச் சேற்றில் படியும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மீத்தைல் பாதரசமாக மாற்ற, அது மீனில் சேர்ந்து கருவிலிருக்கும் குழந்தைவரை போகிறது. மனிதர் காற்றில் விடும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு தொழிலிலிருந்து வருகிறது.

ஆவியை மூடிய பாத்திரத்தில் பிடித்துக் குளிரவைத்துப் பாதரசத்தைத் திரும்ப எடுக்கும் வாலைக் கருவி இருக்கிறது, செலவும் பெரிதில்லை. ஆனாலும் பலர் பயன்படுத்துவதில்லை. மூடியிருப்பதால் உள்ளே தன் தங்கம் என்ன ஆகிறது என்று தோண்டியவரால் பார்க்க முடியாது. திருட்டுப் போய்விடுமோ என்ற பயம். கருவி சூடாகி ஆறவும் நேரமாகும். இந்த நம்பிக்கைச் சிக்கலைத் தீர்க்காமல் கருவியை மட்டும் விநியோகித்த இடங்களில் அது மூலையில் துருப்பிடித்தது. 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை (பாதரசம் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்), திறந்த இடத்தில் சுடுவதையும் தாது முழுவதிலும் பாதரசம் கலப்பதையும் ஒழிக்கச் சொல்கிறது. பிலிப்பைன்ஸின் பெங்கெட் பகுதியில் பாதரசமே இல்லாமல், மணலைக் கழுவிச் செறிவாக்கி வெங்காரம் (போராக்ஸ்) சேர்த்து உருக்குகிறார்கள்.

ஹால்மார்க் முத்திரை இதில் எதையுமே தொடாது. அது தங்கத்தின் மாற்றுக்கு, அதாவது தூய்மைக்கு மட்டும் உத்தரவாதம். கைத்தோண்டல் தங்கத்துக்கு ஃபேர்மைன்டு, ஃபேர்ட்ரேடு கோல்டு இரண்டும்தான் சுரங்க வாயில்வரை போகிற சான்றிதழ்கள்.

பழைய நகையை உருக்கிச் செய்வதே மேல் என்று சொல்வார்கள். நானும் அதையே சொல்வேன், ஒரு எச்சரிக்கையோடு. பழைய நகையின் பற்றவைப்பில் காட்மியம் இருக்கலாம். கேடிஎம் என்று விற்றது அதுதான். தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும், காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்துப் புகையாகிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்த அன்று சளிக்காய்ச்சல் போலத்தான் இருக்கும். ஒரு நாளைக்குள் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். நகையைக் கொடுக்கும்போதே "இதில் காட்மியப் பற்று இருக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். புகைபோக்கியும் உறிஞ்சு விசிறியும் உள்ள பட்டறையில் மட்டும் கொடுங்கள். சாதாரணத் துணி முகமூடி இந்தப் புகையைத் தடுக்காது.

காயும் விதையும்

தங்கமும் சாக்லேட்டும் ஒரே நிலத்தில் மோதுவதை முதலில் சொல்ல வேண்டும். கானாவில் அனுமதியில்லாத தங்கக் குழிகள் கொக்கோத் தோப்புகளை அழித்துத் தோண்டப்படுகின்றன. தோப்பு போனபின் அந்த மண்ணில் மறுபடி கொக்கோ எடுப்பது எளிதல்ல.

ஒரு கொக்கோக் காயில் முப்பது நாற்பது விதை இருக்கும். புளிக்கவைத்துக் காயவைத்தால் சுமார் 40 கிராம். 70 சதவீதக் கொக்கோ உள்ள 100 கிராம் சாக்லேட் கட்டிக்குக் குறைந்தது இரண்டு காய் தேவை. கெடுதல் இருப்பது அந்தக் காயை வெட்டரிவாளால் பிளக்கும் இடத்தில், களை வெட்டுவதில், மூட்டை சுமப்பதில், மருந்து அடிப்பதில். ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலும் கொக்கோ வேலையில் குழந்தைத் தொழிலாளர்களாக இருப்பவர்கள் சுமார் 15.6 லட்சம் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் நிறுவனம் 2020இல் அறிக்கை தந்தது. 2001இல் ஹார்க்கின்-எங்கல் ஒப்பந்தத்தில் பெரிய நிறுவனங்கள் 2005க்குள் குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களை ஒழிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பெரும்பாலான குழந்தைகள் வேலை செய்வது சொந்தக் குடும்பத்தின் தோப்பில். கூலியாள் வைக்க அப்பாவிடம் பணம் இல்லை, அவ்வளவுதான். அதனால் "குழந்தைத் தொழிலாளர் இல்லை" என்று அட்டையில் எழுதியிருப்பதைவிட, விவசாயிக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று எழுதியிருப்பதே எனக்குப் பெரிது.

முத்திரையில் இருக்கும் ஓட்டை இதுதான். ஃபேர்ட்ரேடு, ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் இரண்டுமே "மாஸ் பேலன்ஸ்" என்ற முறையை அனுமதிக்கின்றன. ஆலை 100 டன் சான்றிதழ் கொக்கோ வாங்கி மற்றதோடு கலந்து அரைக்கலாம். பிறகு 100 டன்னுக்கு ஈடான சாக்லேட்டில் முத்திரை குத்தலாம். உங்கள் கையிலிருக்கும் கட்டியில் அந்தத் தோப்பின் விதை ஒன்றுகூட இல்லாமல் போகலாம். விவசாயிக்குக் கூடுதல் தொகை போய்ச் சேரும், அது உண்மை. ஆனால் எந்தத் தோப்பு, காடு அழித்ததா இல்லையா என்பது தெரியாது. ஐவரி கோஸ்ட் 1960க்குப் பின் தன் காட்டில் 80 சதவீதத்துக்கும் மேல் இழந்த நாடு. பெரும் காரணங்களில் ஒன்று கொக்கோ. எனவே அட்டையின் பின்புறச் சிறு எழுத்தில் "மாஸ் பேலன்ஸ்" இருக்கிறதா, தனியாகப் பிரித்துக் கொண்டுவந்ததா என்று பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்தின் பெயரும் அறுவடை ஆண்டும் அச்சிட்டிருந்தால் அதை நம்பலாம்.

நித்திலம்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். "மறுசுழற்சித் தங்கம்" என்று விற்பதை நம்பலாமா? ஆய்வக வைரம் எடுத்தால் பிரச்சினை முடிந்ததா?

உலைமூக்கு

முதல் கேள்விக்கு: பாதிதான் நம்பலாம். புதிதாகத் தோண்டிய தங்கத்தை முரட்டு வளையலாக வார்த்து, "பழைய நகை" என்று சுத்திகரிப்பாலைக்கு அனுப்பும் வழி இருக்கிறது. ஆகவே "மறுசுழற்சி" என்ற சொல்லோடு நிற்காமல், மூலம் என்ன என்று கேளுங்கள்: வாடிக்கையாளர் கொடுத்த நகையா, மின்னணுக் கழிவா, வங்கிக் கட்டியா? தவிர, தங்கத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை. ஆண்டு வரத்தில் கால் பங்கு எப்போதுமே பழையதுதான். அதை வாங்குவதால் மட்டும் ஒரு சுரங்கம் மூடப்படாது.

பட்டைக்கல்

வைரத்துக்கு நான் சொல்கிறேன். 2003இல் தொடங்கிய கிம்பர்லி திட்டம் (கச்சா வைர வணிகத்துக்கான சர்வதேசச் சான்றிதழ் முறை), அரசை எதிர்க்கும் கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் தரும் கச்சா வைரத்தை மட்டுமே தடுக்கிறது. அரசின் படையே தோண்டுபவர்களைச் சுட்டால் அது அந்த வரையறைக்குள் வராது. 2008இல் ஜிம்பாப்வேயின் மராங்கே வயலில் நடந்தது அதுதான். ஆனாலும் 2011இல் அந்த வைரத்தின் ஏற்றுமதிக்கு அனுமதி கிடைத்தது. திட்டத்தை உருவாக்கப் பாடுபட்ட குளோபல் விட்னஸ் அமைப்பு அதே ஆண்டு வெளியேறியது. மேலும் பட்டை தீட்டிய பின் கிம்பர்லி சான்றிதழ் தொடராது; ரசீதில் விற்பவர் எழுதித்தரும் உறுதிமொழி மட்டும்தான். மாணிக்கம், மரகதம் போன்ற வண்ணக் கற்களுக்கு அதுவும் இல்லை.

ஆய்வக வைரத்தில் சுரங்கமும் துப்பாக்கியும் இல்லை. அதை மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆனால் மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களை நுண்ணலையால் பிளாஸ்மாவாக்கி, மெல்லிய வைரத் தகட்டின் மேல் கரியைப் படியவைக்கும் கலம் வாரக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டும். அந்த மின்சாரம் நிலக்கரியா, நீர்மின்சாரமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் "பசுமை வைரம்" என்பவரிடம் வாங்காதீர்கள். சுரங்க வைரமானாலும் ஆய்வக வைரமானாலும் பட்டை தீட்டுவது பெரும்பாலும் சூரத்தில்தான், கல்லுக்கு இவ்வளவு என்ற கூலியில். கோபால்ட் கலந்த தீட்டும் தட்டிலிருந்து வரும் தூசு நுரையீரலைத் தழும்பாக்கும் என்பது 1980களிலேயே பெல்ஜியத் தொழிலாளர்களிடம் கண்டறியப்பட்டது. தட்டுக்கு அருகில் தூசு உறிஞ்சும் குழாய் இருக்கிறதா என்பதை எந்த வைரச் சான்றிதழும் சொல்வதில்லை. நிறம், தெளிவு, வெட்டு, எடை, அத்தோடு சரி.

கரையோரம்

யாரும் தொடாத ஒன்று: பூ செருகும் பச்சை ஃபோம். அது ஃபீனால்-ஃபார்மால்டிஹைடு பிளாஸ்டிக். விரலால் அழுத்தினாலே தூளாகும், அந்தத் தூள் மக்காது. இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி தன் கண்காட்சிகளில் 2021 முதல் அதைத் தடை செய்துவிட்டது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால், ஊறிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் நெருக்கமான துணியில் வடிகட்டுங்கள். துணியில் நின்ற தூளையும் ஃபோமையும் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.

பலூனும் அப்படித்தான். "மக்கும் ரப்பர்" என்று எழுதியிருந்தாலும் மக்குவதற்கு முன்பே கடற்பறவை விழுங்கிவிடும். 2019இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வின்படி, கெட்டிப் பிளாஸ்டிக்கைவிடப் பலூன் துண்டு பறவையைக் கொல்லும் வாய்ப்பு 32 மடங்கு. பளபளக்கும் உலோகப்பூச்சுப் பலூன் மின்கம்பியில் பட்டால் மின்தடையும் வரும்.

ஃபோமுக்குப் பதில் கோழிக்கூண்டு வலை போதும். 5 சென்டிமீட்டர் கண் உள்ளதாக வாங்கி, ஜாடி வாயைப்போல மூன்று மடங்கு அகலத்துக்கு வெட்டித் தளர்வான உருண்டையாகச் சுருட்டி உள்ளே இறக்குங்கள். இறுக்கிச் சுருட்டினால் தண்டு நுழையாது. வெட்டிய கம்பி முனைகளை உட்பக்கமாக மடித்துவிடுங்கள், கையைக் கிழிக்கும். கழுவிக் காயவைத்தால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.