பிள்ளை தனியாக வந்து சொன்னால், பயிற்றுநர் அதை யாரிடம் சொல்ல வேண்டும்?

உட்லண்ட்ஸ்_தொண்டூழியர்:
சிங்கப்பூரில், சனிக்கிழமைகளில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நாடகப் பயிற்சி கொடுக்கும் ஒரு தமிழ்க் குழுவில் இருக்கிறேன். போன வாரம் எங்கள் எல்லாரிடமும் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். மாணவருக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பக்கூடாது. மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக உட்காரக்கூடாது. காரில் தனியாக ஏற்றிச் செல்லக்கூடாது. அடி, பாலியல் தொல்லை என்று பிள்ளை எதையாவது சொன்னால் அன்றைக்கே எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூத்த பயிற்றுநர்கள் இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:
நான் மறுத்தவர்கள் பக்கம். பதினைந்து வயதுப் பையன் வாய் திறப்பதே அபூர்வம். ஒத்திகை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் பையை அடுக்குகிற சாக்கில் நின்றுகொண்டிருப்பான். அப்புறம்தான் "சார், ஒண்ணு சொல்லணும்" என்பான். அந்த நேரத்தில் நான் எழுந்து கதவைத் திறந்துவைத்து, தாளையும் பேனாவையும் எடுத்தால் அவன் போய்விடுவான். பிறகு யாரிடமும் சொல்ல மாட்டான். நம் சமூகமும் சின்னது. யார் வீட்டு விஷயம் என்பது அடுத்த வாரமே நாலு பேருக்குத் தெரிந்துவிடும். சிறுவர், இளையர் சட்டமே தகவல் தெரிவிக்க அனுமதிக்கிறதே ஒழியக் கட்டாயப்படுத்தவில்லை. நாம் ஏன் சட்டத்தைவிடக் கறாராக இருக்க வேண்டும்?

குடும்பச்சேவை_ஊழியர்:
சட்டத்தைப் பற்றி ஐயா சொன்னது சரிதான். ஆனால் அதே சட்டம் நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவருக்குப் பாதுகாப்பும் தருகிறது. 2020 ஜூலை 1 முதல் அதன் பாதுகாப்பு 18 வயதுக்குட்பட்டவர்கள்வரை நீள்கிறது. அதற்கு முன்பு 16 வயதோடு நின்றது. உங்கள் நாடகப் பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லாருமே அதற்குள் வருவார்கள்.

தாளையும் பேனாவையும் பிள்ளை முன்னால் எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முதலில் காது கொடுங்கள். அவன் போன பிறகு, அவன் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். "அம்மாவோட நண்பர் ராத்திரி ரூமுக்கு வர்றார்" என்று சொன்னால் அப்படியே எழுதித் தேதியும் நேரமும் போடுங்கள். "பாலியல் துன்புறுத்தல் எனச் சந்தேகம்" என்று நீங்களாக மாற்றி எழுதாதீர்கள். துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. ஒன்று மட்டும் முக்கியம்: "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது.

பொங்கோல்_தாய்:
எனக்கு வாட்ஸ்அப்தான் பெரிய விஷயம். என் மகள் உயர்நிலை மூன்று. தவறான எண்ணத்தோடு வருகிறவன் முதல் நாளே அசிங்கமாக எழுதுவதில்லை. "நீதான் குழுவிலேயே நல்லா நடிக்கிறே" என்று ஆரம்பிப்பான். பிறகு இரவு பதினொரு மணிக்குக் குறுஞ்செய்தி வரும், அதற்கும் பிறகு "அம்மாகிட்ட சொல்லாதே". எல்லாரும் குழுவிலேயே எழுதினால் இதற்கு இடமில்லை. துணைப்பாட நிலையத்தில் 10 பேரோ அதற்கு மேலோ படித்தால் கல்வி அமைச்சில் பதிய வேண்டும். வீட்டில் நாலைந்து பிள்ளைகளை வைத்துச் சொல்லித்தருபவரை யாரும் பார்ப்பதில்லை. நாடகம், நடனம், தேவாரம் என்று எல்லா வகுப்புக்கும் நாங்கள் நம்பித்தான் அனுப்புகிறோம். நல்ல பயிற்றுநருக்கு இந்த விதியால் என்ன நஷ்டம்?

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:
நஷ்டம் உண்டு, அம்மா. தேர்வு பயத்தில் நள்ளிரவில் எனக்கு எழுதிய பிள்ளைகள் இருக்கிறார்கள். குழுவில் எழுதியிருக்கவே மாட்டார்கள்.

ஈசூன்வாசி:
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உயர்நிலை இரண்டில் அப்பா அடிப்பதை ஒருவரிடம் சொன்னேன். அவர் விதிப்படி மேலே சொன்னார். மேலே இருந்தவர் அன்று மாலையே அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். ராத்திரி இரண்டு மடங்கு அடி. அதன்பின் நான் எதையும் சொல்லவில்லை. அதனால் ஆசிரியர் ஐயாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் கோபப்படுவது முதலில் கேட்டவர் மேல் இல்லை. அடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு வரியாவது இருக்கிறதா?

உட்லண்ட்ஸ்_தொண்டூழியர்:
இல்லை. "பொறுப்பாளர் தகுந்த நடவடிக்கை எடுப்பார்" என்பதோடு முடிகிறது.

குடும்பச்சேவை_ஊழியர்:
அது போதாது. 2020 பிப்ரவரியில் கொடுமைக்கு ஆளாகி இறந்த 4 வயதுச் சிறுமியை எல்லாருக்கும் நினைவிருக்கும். அவள் உடம்பிலிருந்த காயங்களைப் பாலர்பள்ளி 2019இலேயே கவனித்தது. கவனித்தும் அவள் பிழைக்கவில்லை. அவள் மரணம் பற்றி 2025 அக்டோபரில் வெளிவந்த மறுஆய்வு அறிக்கை, தகவல் கைமாறிய இடங்களில் நேர்ந்த தவறுகளை எடுத்துச் சொன்னது. சின்னப் பிள்ளைக்கே அந்த நிலை என்றால், "இந்த வயதில் இப்படித்தான் இருப்பார்கள்" என்று தள்ளிவிடப்படும் பதின்ம வயதினரை யோசித்துப் பாருங்கள்.

ஈசூன்வாசி, உங்கள் விஷயத்தில் அப்பாவைக் கூப்பிட்டதுதான் தவறு. வீட்டிலிருப்பவர்மேல் சந்தேகம் என்றால் முதல் அழைப்பு வீட்டுக்குப் போகக்கூடாது. வன்முறை, பாலியல் தொல்லை பற்றிச் சொல்வதற்கான 1800-777-0000 என்ற தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. உடனடி ஆபத்து என்றால் போலீசுக்கு 999.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:
தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்து வருத்தப்பட்டேன். சரி, ஒரு கேள்வி. அந்தப் பொறுப்பாளரே தவறு செய்பவராக இருந்தால்? அல்லது தவறு செய்பவருக்கு நெருங்கிய நண்பராக இருந்தால்? சின்னக் குழுக்களில் எல்லாரும் சொந்தக்காரர்கள், நண்பர்கள்.

குடும்பச்சேவை_ஊழியர்:
அவரிடம் போகவே தேவையில்லை, ஐயா. பயிற்றுநர் நேரடியாக அந்த எண்ணை அழைக்கலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். அதைத் தாளிலேயே அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.

பொங்கோல்_தாய்:
பெற்றோருக்கும் அந்தத் தாளைக் கொடுங்கள். விதி என்னவென்று எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்தால்தான், மீறுகிறவரை அடையாளம் காண முடியும்.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:
நேரடி அழைப்பையும், வீட்டுக்கு முதலில் சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்தால் நான் கையெழுத்துப் போடுவேன். தனிச் செய்தி விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. பிள்ளை தானாக எழுதினால் பதில் போடாமல் இருக்க என்னால் முடியாது.

ஈசூன்வாசி:
பதில் போடுங்கள், ஐயா. பதிலிலேயே இன்னொரு பயிற்றுநரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதைப் பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள். எனக்கு அப்படி இரண்டு பேர் இருந்திருந்தால் போதும்.

உட்லண்ட்ஸ்_தொண்டூழியர்:
நாலு திருத்தங்களையும் எழுதிவைத்துக்கொண்டேன்: நேரடி அழைப்பு எண், வீட்டுக்கு முதலில் சொல்லாதது, பெற்றோருக்கு ஒரு பிரதி, செய்திகளில் இரண்டாவது பயிற்றுநர். சனிக்கிழமை ஒத்திகைக்கு முன் குழுவில் வைக்கிறேன். மறுத்த இரண்டு பேரிடமும் அதற்கு முன்பே தனியாகப் பேசிவிடுகிறேன்.