கண் மூடியா, திறந்தா? இரண்டு இடத்து ஓய்வுநிலை ஸ்கேன்களைச் சேர்க்கலாமா

பனசங்கரிவாசி:
வணக்கம். பெங்களூரில் ஐடி வேலை, கூடவே பகுதி நேரமாக எம்.டெக். என் புராஜெக்ட் ஓய்வுநிலை எஃப்எம்ஆர்ஐ பற்றியது, அதாவது எந்த வேலையும் கொடுக்காமல் ஸ்கேனரில் படுக்க வைத்து மூளையின் இயக்கத்தைப் படமெடுப்பது. கையில் இருப்பது இரண்டு இடங்களில் எடுத்த தரவு. ஒரு இடத்தில் எல்லோரையும் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள், இன்னொரு இடத்தில் திரையில் தெரியும் கூட்டல் குறியையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லியிருக்கிறார்கள். தனித்தனியாக எடுத்தால் ஆள் போதவில்லை. "சும்மா படுத்திருப்பதுதானே, கண் எப்படி இருந்தால் என்ன, சேர்த்துவிடு" என்கிறார் கூடப் படிப்பவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. வெளிச்சம் உள்ளே போகிறதா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசமா? பார்வைப் பகுதியை மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சேர்க்கலாமா?

அலைவரிசை:
நான் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இஇஜி எடுக்கிறேன், தலையில் எலக்ட்ரோடு ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவது. எஃப்எம்ஆர்ஐ என் துறை இல்லை, ஆனால் "கண் எப்படி இருந்தால் என்ன" என்று சொல்பவரை ஒரு நாள் என் மானிட்டர் முன்னால் உட்கார வைக்க வேண்டும். பேஸ்ட் தடவி எலக்ட்ரோடு எல்லாம் ஒட்டி முடித்ததும் கன்னடத்தில் "கண்ணு முச்சி" என்பேன், தமிழ்க்காரர் என்றால் "கண்ணை மூடிக்குங்க". மூடிய ஒன்றிரண்டு நொடியில் பின்மண்டை சேனல்களில் சீரான அலை எழும்பிவிடும், நொடிக்கு 8 முதல் 13 வரை, அதுதான் ஆல்ஃபா. திறக்கச் சொன்னால் உடனே அமுங்கிவிடும். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1929-லேயே இதை எழுதினார், பலர் நம்பவில்லை, கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் 1934-ல் தாங்களே செய்து பார்த்து உறுதி செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு ஆல்ஃபா வராது, சிலருக்கு மிகக் குறைவு. ஆனாலும் அடிப்படையான மாற்றம் இதுதான்.

இன்னொன்று. கண்ணை மூடச் சொல்லி அப்படியே விட்டால் பாதிப் பேர் சொக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆல்ஃபா கலைந்து மெதுவான அலைகள் வரும், கண் விழிகள் மெல்ல உருளும். நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புவோம். ஸ்கேனருக்குள் அதைப் பார்ப்பது யார்?

நரம்புமுடிச்சு:
மேடம் சொன்ன கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். டாக்லியாசூக்கியும் லாஃப்ஸும் 2014-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓய்வுநிலை ஸ்கேன்களை ஆராய்ந்து, சுமார் மூன்றில் ஒரு பங்கு பேர் முதல் மூன்று நிமிடத்துக்குள்ளேயே விழிப்பு நிலையை இழந்துவிடுகிறார்கள் என்று காட்டினார்கள். கண் மூடிய குழுவில் நீங்கள் அளப்பது ஓய்வா, அரைத்தூக்கமா என்பதே முதல் கேள்வி.

இப்போது உங்கள் கேள்வி. வெளிச்சம் மட்டும் காரணம் இல்லை. மூனிக்கில் மார்க்ஸ் குழு 2003-ல் முழு இருட்டில் இதைச் செய்து பார்த்தது. திறந்தாலும் மூடினாலும் ஒன்றுமே தெரியாத இருட்டு, அப்படியும் மூளை வேறுபட்டது. கண் மூடியபோது பார்வை, தொடுவுணர்வு, செவி, உடல் சமநிலை சார்ந்த பகுதிகள் கூடுதலாக இயங்கின. திறந்தபோது விழியை நகர்த்தும் பகுதிகளும் கவனப் பகுதிகளும். அதாவது பார்க்க ஒன்றும் இல்லாவிட்டாலும், திறந்த கண்ணோடு மூளை வெளியே எதையோ எதிர்பார்த்துத் தயாராக நிற்கிறது, மூடியதும் உள்பக்கம் திரும்பிவிடுகிறது. அதனால் பார்வைப் பகுதியை மட்டும் வெட்டி எறிவது போதாது, தொடுவுணர்வு, அசைவு, செவிப் பகுதிகளும் மாறுகின்றன. டீஃபால்ட் மோடு நெட்வொர்க் (சும்மா இருக்கும்போது சேர்ந்து இயங்கும் மூளைப் பகுதிகள்) இரண்டு நிலையிலும் கிடைக்கும், ஆனால் அதன் இணைப்பு வலிமை ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூளை இணைப்புகளை வரைபடமாக்கும் பெரிய ஆய்வான ஹியூமன் கனெக்டோம் புராஜெக்டில் சுமார் 15 நிமிட ஸ்கேன் ஒவ்வொன்றிலும் கண் திறந்து, இருண்ட பின்னணியில் பிரகாசமான குறியைப் பார்க்கச் சொன்னார்கள். அந்த மாதிரி எல்லோருக்கும் ஒரே கட்டளை என்பதில்தான் பாதுகாப்பு.

நீங்கள் ஒன்று சொல்லவில்லை. நோயாளிகள் ஒரு இடத்திலும் ஆரோக்கியமானவர்கள் இன்னொரு இடத்திலுமா? அப்படியென்றால் தயவுசெய்து சேர்க்காதீர்கள். இமை செய்த மாற்றத்தை நோயின் அடையாளம் என்று எழுதிவிடுவீர்கள், எந்தப் புள்ளியியல் திருத்தமும் அதைப் பிரித்துக் காட்டாது.

பனசங்கரிவாசி:
இல்லை, நல்லவேளை, இரண்டு இடத்திலும் இரு தரப்பும் ஏறக்குறைய சம அளவில் இருக்கிறார்கள். இருட்டுச் சோதனை எனக்குப் புதுச் செய்தி, ரொம்ப நன்றி.

நரம்புமுடிச்சு:
அப்போ வழி இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் நோயாளி, ஆரோக்கியமானவர் வித்தியாசத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள், அப்புறம் அந்த முடிவுகளைச் சேருங்கள், மூலத் தரவை அல்ல. இரண்டிலும் ஒரே திசையில் வந்தால் தைரியமாக எழுதலாம். ஒன்றில் மட்டும் வந்தால், அது இடத்தாலா கண்ணாலா என்று உங்கள் தரவால் சொல்ல முடியாது, அதையும் அப்படியே எழுதிவிடுங்கள். ஸ்கேன் முடிந்ததும் "தூங்கினீர்களா" என்று கேட்டுக் குறித்து வைத்திருக்கிறார்களா என்று இரு இடத்தாரிடமும் இன்றே மெயில் போட்டுக் கேளுங்கள்.