பழைய எண்ணெய் பயோடீசல்: கிளிசரின் பிரியாமல் கூழாகிறது

கேள்வி: பஜ்ஜிக் கடை எண்ணெய் 1 லிட்டர், மெத்தனால் 200 மி.லி., காஸ்டிக் சோடா 3.5 கிராம், 55 டிகிரி. ஒரு மணி நேரம் கலக்கியும், துணைப்பொருளான கிளிசரின் அடியில் தங்காமல் மொத்தமும் கூழ். ஏன்?

பதில்: அது சோப்பு. 3.5 கிராம் புது எண்ணெய்க் கணக்கு. பொரித்த எண்ணெயின் அமிலமே சோடாவைத் தின்றுவிடும். 1 மி.லி. எண்ணெயை 10 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, லிட்டருக்கு 1 கிராம் காஸ்டிக் சோடா போட்ட தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்க. அதில் கலந்த பினாப்தலீன் (காரம் பட்டால் நிறம் மாறும் காட்டி) இளஞ்சிவப்பாகி நிற்க 3 மி.லி. பிடித்தால், லிட்டருக்கு 3.5+3=6.5 கிராம். மஞ்சள்தூள்கூட சிவந்து காட்டும்!

பதில்: ஈரத்தையும் விட்டுடாதீங்க. எண்ணெயை 110 டிகிரிக்குச் சூடாக்கி, சடசடப்பு அடங்கி 55க்கு ஆறினபிறகே மெத்தனால்-சோடா கலவையை ஊற்றணும். மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், ஆவி நஞ்சு. பக்கத்தில் நெருப்பே கூடாது. அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், சோடா அரித்துவிடும்.

கேள்வி கேட்டவர்: சொட்டு விட்டதில் 9 மி.லி. பிடிக்குது?

பதில்: அமிலம் ரொம்ப அதிகம், அப்போ வேற எண்ணெய் பாருங்க.