குழந்தைக்குச் சொத்தைன்னு போனோம், டாக்டர் அவனோட அம்மா வாயையும் பார்த்தாங்க

தங்கச்சி மகனுக்கு அப்போ ரெண்டு வயசு. மேல் முன்பல் நாலுலயும் ஈறோரமா சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைக் கோடு. ஒரு பல் பழுப்பாகி, விளிம்பு பொடிய ஆரம்பிச்சிருந்தது. "பால்பல்தானே, விழுந்து முளைச்சிரும்"னு வீட்டுல சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல, கூட்டிட்டுப் போயிட்டேன்.

டாக்டரம்மா அவனைத் தங்கச்சி மடியிலயே சாய்ச்சு, உதட்டைத் தூக்கிப் பார்த்தாங்க. கீழ் முன்பல்லுல ஒண்ணுமில்ல. புட்டிப்பால் குடிக்கிறப்ப நாக்கு அதை மூடிக்கும், எச்சிலும் அங்க நல்லா ஊறும், அதான் தப்பிச்சிருக்குன்னாங்க. அப்புறம் தங்கச்சிகிட்ட, "நீங்களும் வாயைத் திறங்கம்மா"ன்னாங்க. கடைவாயில மூணு சொத்தை, ஈறு தொட்டாலே ரத்தம். மாசமா இருக்கிறப்ப பல்லுல கை வைக்கக் கூடாதுன்னு பெரியவங்க தடுத்ததால, கிராம்பை வச்சே நாளை ஓட்டினவ அவ.

சொத்தைக்கு முக்கியக் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்ங்கிற கிருமி. பெரியவங்க வாயில வச்சுச் சூடு பார்த்த ஸ்பூன், கடிச்சுக் கொடுத்த பிஸ்கட்னு எச்சில் வழியா பிள்ளைக்குப் போகும். பெரும்பாலும் 19லருந்து 31 மாசத்துக்குள்ள குடியேறுதுன்னு 1993-ல் அமெரிக்காவுல காஃபீல்டு குழு எழுதினாங்க. அதுக்கு முன்னாடியே வர்றதும் உண்டுன்னு பின்னாடி தெரிஞ்சது. அம்மா வாயில சொத்தை அப்படியே கிடந்தா கிருமியும் அதிகம். இதைக் கேட்டு அவ அழுதுட்டா. அவமேல பழி போடவே கூடாது. அப்பா, பாட்டி எச்சிலும் எச்சில்தானே! அந்தக் கிருமிக்குத் தீனியே சர்க்கரைதான்.

*பதில்:* அக்கா, எனக்கு அஞ்சாம் மாசத்துலதான் பல்லை அடைச்சாங்க. கர்ப்பத்துல பல் வைத்தியம் தாராளமா பாக்கலாம், நடு மூணு மாசம் ரொம்ப வசதி. பிள்ளை நம்ம பல்லுலருந்து கால்சியத்தை உறிஞ்சுதுங்கிறது பொய். ஹார்மோனால ஈறு வீங்கும், வாந்தியில வர்ற அமிலம் பல்லை அரிக்கும். வாந்தி எடுத்தவுடனே பிரஷ் போடாம, முதல்ல தண்ணியில கொப்பளிங்க.

*பதில்:* பல் கிளினிக்ல வேலை பாக்குறேன். பின்லாந்துல அம்மாக்களுக்கு மட்டும் சைலிட்டால் (சொத்தைக் கிருமிக்குத் தீனியாகாத ஒரு இனிப்பு) சூயிங்கம் கொடுத்துப் பார்த்தாங்க, பிள்ளைக்கு மூணு மாசம் ஆனதுலருந்து ரெண்டு வயசு வரை. அஞ்சு வயசுல அந்தப் பிள்ளைகளுக்குச் சொத்தை, ஃப்ளோரைடு பூச்சு போட்ட அம்மாக்களோட பிள்ளைகளைவிடச் சுமார் 70 சதவீதம் குறைவு. 2000-ல் வெளியான ஆய்வு. பிள்ளைகளுக்கு ஒண்ணுமே கொடுக்கல, அம்மா வாயைத்தான் கவனிச்சாங்க! உங்க பையனுக்கு இப்போ எப்படி இருக்கு?

*முதல்ல எழுதினவர்:* தங்கச்சிக்கு மூணு பல்லையும் அடைச்சாச்சு. பையனுக்குச் சொத்தை பரவாம இருக்க வெள்ளி கலந்த மருந்து தடவினாங்க. தடவின இடம் கறுத்திடும், பயப்படாதீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. முதல் பல் எட்டிப் பார்த்ததுமே அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் வச்சுத் தேய்க்கணுமாம். ராத்திரிப் புட்டியை நிறுத்தறதுதான் பெரிய பாடு. சர்க்கரையைக் குறைச்சு, பாலுல தண்ணியைக் கூட்டிக்கிட்டே வந்து, இப்போ வெறும் தண்ணிக்கு வந்திருக்கான்.