மல்பெரி இலையில் தாவர எண்ணெய் தெளித்துப் புழுக்களுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: உடுமலை வளர்ப்பாளர்
வணக்கம். வி1 ரக மல்பெரித் தோட்டம் வைத்து வெண்பட்டுப் புழுக்களை வளர்த்து வருகிறேன். புழுவின் கடைசி வளர்ச்சிக் கட்டமான ஐந்தாம் பருவத்தில் ஆளி விதை எண்ணெயையோ சூரியகாந்தி எண்ணெயையோ நீரில் கலந்து இலைமேல் தெளித்துக் கொடுத்தால் கூட்டின் எடை கூடும் என்கிறார்கள். வேப்பெண்ணெய் சேர்த்தால் நோயும் அண்டாது என்று ஒருவர் சொன்னார். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஓசூர் வாசகர்
வேப்பெண்ணெயை எக்காரணம் கொண்டும் புழுக்களின் உணவில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள அசாடிராக்டின் புழுவை உண்ணவிடாமல் செய்வதோடு தோலுரிப்புக்கான ஹார்மோனையும் குலைக்கிறது. தோட்டத்தில் பூச்சிக்காக வேப்பெண்ணெய் தெளித்தால்கூட, மருந்தின் வீரியம் தணிவதற்கான காத்திருப்புக் காலம் முடியும் முன் அந்த இலையை அறுக்கக் கூடாது.

பதில்: பட்டு வளர்ப்பு மாணவி
மற்ற எண்ணெய்களைப் பற்றிச் சொல்கிறேன். லினோலிக், லினோலெனிக் கொழுப்பு அமிலங்கள் பட்டுப்புழுவுக்குத் தேவை என்பது உண்மைதான். ஆனால் பதமான மல்பெரி இலையிலேயே அவை இருக்கின்றன. பட்டு இழையோ கொழுப்பன்று, புரதம். கிளைசின், அலனின், செரின் ஆகிய அமினோ அமிலங்களே பட்டு இழையின் முக்கியப் புரதமான ஃபைப்ராயினின் பெரும்பகுதி என்பதால், இலையின் புரதம் குறைந்திருக்கும்போது எண்ணெய் அந்தக் குறையை ஈடுசெய்யாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கூட்டின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு உள்ளிருக்கும் கூட்டுப்புழுவுடையது. அதன் உலர் எடையில் கால் பங்குக்கும் மேல் கொழுப்பு. ஆகவே எண்ணெய் கொடுத்து எடை கூடினாலும், கூடியது பட்டா, கூட்டுப்புழுவின் கொழுப்பா என்று பிரித்துப் பார்க்காமல் மகிழ்ந்துவிட முடியாது. கூட்டுப்புழுவை நீக்கியபின் எஞ்சும் பட்டு ஓட்டின் எடையைக் கூட்டின் மொத்த எடையால் வகுத்து நூறால் பெருக்கி வரும் ஓட்டு விகிதம்தான் சரியான அளவுகோல்.

உடுமலை வளர்ப்பாளர்
மிக்க நன்றி. சிறிய அளவில் சோதித்துப் பார்க்கலாமா?

பதில்: ஓசூர் வாசகர்
தாராளமாகச் செய்யலாம், ஆனால் முழுத் தொகுதியிலும் வேண்டாம். ஒரே முட்டைத் தொகுதியில் பொரித்து, நான்காம் தோலுரிப்பை ஒன்றாக முடித்த புழுக்களை மூன்று தட்டுகளில் சம எண்ணிக்கையில் பிரியுங்கள்: ஒன்றுக்கு வெறும் இலை, ஒன்றுக்கு நீர் மட்டும் தெளித்த இலை, மூன்றாவதற்கு மிகக் குறைந்த எண்ணெய் கலந்த இலை. நீர்த் தட்டு இல்லாவிட்டால், கோடையில் ஈரத்தால் விளைந்த நன்மையை எண்ணெயின் நன்மை என்று நினைத்துவிடுவோம். எண்ணெய் நீரோடு கலக்கச் சோப்புத்தூளைச் சேர்க்காதீர்கள். புழு உடலின் பக்கவாட்டுத் துளைகளால் மூச்சுவிடுவதால், இலையில்தான் தெளிக்க வேண்டுமே தவிரப் புழுவின்மேல் படக் கூடாது; நிழலில் ஈரம் உலர்ந்த பிறகே இலையைப் போடுங்கள், ஈரமான படுக்கை, புழு தளர்ந்து துவண்டு இறக்கும் சப்பை நோய்க்கு இடம் கொடுக்கும்.

பதில்: பட்டு வளர்ப்பு மாணவி
ஒவ்வொரு தட்டிலும் இறந்த புழுக்களின் கணக்கையும் எழுதி வையுங்கள். கூடு கட்டி முடித்தபின் ஆண், பெண் கூடுகளைத் தனித்தனியே எடை போடுவது அவசியம். பெண் கூடு இயல்பிலேயே கனமானது என்பதால், ஒரு தட்டில் பெண் கூடுகள் மிகுந்திருந்தால் முடிவே மாறிவிடும்.