டிப்ளமோ முடிச்ச தம்பிக்கு பவர் சைடுல அப்ரண்டிஸ்ஷிப்பா, நேரா பிஇ-யா? தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க

தண்டையார்பேட்டை_அக்கா

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்காக கேக்குறேன், அவன் கேக்க கூச்சப்படுவான். டிப்ளமோ ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) முடிச்சு ஒரு வருஷம் ஆகப்போவுது, 74 பர்சன்ட். லேட்டரல்ல பிஇ ரெண்டாம் வருஷத்துக்கு சீட் கெடச்சுது, ஆனா அப்பா ஹார்பர்ல லோடு வேலை பாத்தவரு, முதுகு போயி ரெண்டு வருஷமா வீட்லதான் இருக்காரு, என் ஒருத்தி சம்பளத்துல பீஸும் கட்டி வீட்டையும் ஓட்ட முடியாதுன்னு அவனே வேணாம்னுட்டான். மணலி பக்கம் ஒரு பேனல் போர்டு கான்ட்ராக்டர்கிட்ட சேந்து எட்டு மாசமா போறான். அவங்க அப்ரண்டிஸ்னுதான் சொல்றாங்க, மாசம் 7000 கையில குடுக்குறாங்க, பேப்பர்னு ஒண்ணும் தந்ததில்ல.

போன வாரம் லண்டன்ல இருக்குற சொந்தக்காரங்க வந்திருந்தாங்க, அங்க ஹையர் அப்ரண்டிஸ்ஷிப்னு ஒண்ணு இருக்காம், கம்பெனியே சம்பளமும் குடுத்து எலக்ட்ரிக்கல் பவர் இன்ஜினியரிங் டிகிரியும் படிக்க வைக்குதாம். அத கேட்டதுலேருந்து இவனுக்கு தூக்கமே இல்ல. அது மாதிரி நம்ம ஊர்ல உண்டா, இல்ல அங்கயே போக வழி இருக்கா?

அவனுக்கு இந்த சப்ஸ்டேஷன், கோளாறு வந்தா லைன கட் பண்ண வைக்கிற ரிலே, பெரிய டிரான்ஸ்பார்மர் இதுலதான் உசுரு. மிக்ஜாம் புயலப்போ எங்க தெருவுல தண்ணி வடியாம கரண்டு இல்லாம கெடந்தோம்ல, எல்லாரும் எப்ப வரும் எப்ப வரும்னு ஈபிகாரங்கள திட்டிட்டு இருந்தப்ப இவன் மட்டும் முட்டி தண்ணில போயி அவங்க பெட்டிய தொறந்து காய வைக்கறத தள்ளி நின்னு பாத்துட்டு வந்து, காலண்டர் தாள் பின்பக்கம் எங்க ஏரியா பூரா லைன் எப்படி போவுதுன்னு படமா வரைஞ்சான். அந்த தாள நான் இன்னும் வச்சிருக்கேன்.

வியாசர்பாடி_குமார்

அக்கா, என் கருத்து என்னன்னா முழு நேர பிஇ-ய விடாதீங்க. நானும் டிப்ளமோ முடிச்சு லேட்டரல்ல போனவன்தான், காரைக்குடில கவுன்சிலிங் நடந்துச்சு, ராத்திரி பஸ்ல போயிட்டு வந்தோம். இன்னிக்கு வேலைக்குன்னு போய் உக்காந்துட்டா அப்பால படிப்புக்கு திரும்ப வர்றது ரொம்ப கஷ்டம், என் செட்ல அப்படி நின்னவங்க நிறைய பேர். வீட்ல யாரும் டிகிரி முடிக்கலன்னா முதல் பட்டதாரி சலுகை கேளுங்க, கவர்மென்ட் காலேஜ் கெடச்சா பீஸ் பாரமே இருக்காது.

தண்டையார்பேட்டை_அக்கா

நான் பிகாம் முடிச்சிருக்கேன் தம்பி. அதனால அவனுக்கு முதல் பட்டதாரி வராதுன்னு சொல்லிட்டாங்க. அத கேட்டுட்டு நான் ரெண்டு நாள் சரியா சாப்பிடல.

ரிலே_டெஸ்டர்_எண்ணூர்

தங்கச்சி, மொதல்ல அவசரமான விஷயத்த சொல்லிடுறேன், மீதிய அப்புறம் பேசலாம். தம்பி எட்டு மாசம் வேலை பாத்தாச்சுன்னு சொல்றீங்க. சட்டப்படி வர்ற அப்ரண்டிஸ்ஷிப்புக்கு கூப்பிடுற அறிவிப்புகள்ல வழக்கமா ஒரு கண்டிஷன் இருக்கும், ஏற்கனவே அப்ரண்டிஸ் முடிச்சவங்களும் ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ வேலை அனுபவம் உள்ளவங்களும் விண்ணப்பிக்க முடியாதுன்னு. அதனால கையில இருக்குறது நாலு மாசம். இன்னிக்கே நேட்ஸ் போர்ட்டல்ல, அதாவது மத்திய அரசோட அப்ரண்டிஸ் வெப்சைட்ல, பேர பதிய சொல்லுங்க, இந்த எட்டு மாசத்த மறைக்காம போடட்டும்.

இப்ப அவன் இருக்குற இடத்துல நடக்குறதுக்கு பேரு அப்ரண்டிஸ்ஷிப்பே கிடையாது. 1961ல போட்ட அப்ரண்டிஸ் சட்டம் இருக்கு, அதுல ஒப்பந்தம் எழுதி பதிவு பண்ணணும், டிப்ளமோகாரங்களுக்கு டெக்னீசியன் அப்ரண்டிஸ்னு பேரு, ஒரு வருஷம், 2019ல மாத்தின விதில குறைஞ்சபட்சம் மாசம் 8000ன்னு வச்சாங்க, பிஇ முடிச்சவங்களுக்கு 9000. டிப்ளமோகாரங்களுக்கு அந்தக் குறைஞ்சபட்ச தொகைல பாதி கவர்மென்ட் பங்கு. முடிச்சா தரமணில இருக்குற தென்மண்டல போர்டு சர்டிபிகேட் தருது. முக்கியமா, பதிவான அப்ரண்டிஸுக்கு வேலை நேரத்துல அடிபட்டா நஷ்ட ஈடு சட்டத்துலயே உண்டு. பேப்பர் இல்லாதவனுக்கு ஏதாவது ஆனா யாருனே தெரியாதும்பாங்க. நான் கண்ணால பாத்தவன்.

நானும் அப்படி ஒரு எடத்துல இருந்தவன்தான், பேரு வேணாம். டிப்ளமோ முடிச்ச கையோட சேந்தேன். ஒரு நாள் ஓடிட்டு இருக்குற பேனல்ல அம்மீட்டர் வேலை செய்யல மாத்துடான்னாங்க. நானும் மீட்டருக்கு பின்னாடி ஒயர கழட்டினேன், அது சிடி-லேருந்து, அதாவது மெயின் லைன்ல ஓடுற பெரிய கரண்ட மீட்டருக்கு ஏத்த மாதிரி சின்னதாக்குற கரண்ட் டிரான்ஸ்பார்மர்லேருந்து வர்ற ஒயர். டெர்மினல்ல சர்ருனு ஒரு நெருப்பு, நீளமா இழுத்துட்டு வந்துச்சு, ஸ்க்ரூ டிரைவர் முனை உருகிப் போச்சு, உள்ளங்கைல தழும்பு இன்னும் இருக்கு. சிடி செகண்டரிய (மீட்டருக்கு போற சுருள் பக்கம்) ஓப்பன் பண்ணக்கூடாதுன்னு டிப்ளமோ புக்ல ஒரே ஒரு வரி இருந்துச்சு, பரிட்சைக்கு ரெண்டு மார்க்குக்கு எழுதியும் இருக்கேன். ஏன் கூடாதுன்னு தெரியாது. மெயின் லைன்ல கரண்டு ஓடிட்டேதான் இருக்கும், செகண்டரில ஓடுற கரண்டுதான் அத எதுத்து கோர்ல காந்தப்புலத்த அடக்கி வச்சிருக்கு, அத நீ கழட்டிட்டா மொத்த கரண்டும் கோர காந்தமாக்கறதுக்கே போயிடும், அந்த ரெண்டு முனைக்கு நடுவுல வோல்டேஜ் ஆயிரக்கணக்குல ஏறிடும். கழட்டறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு முனையையும் சேக்கற ஷார்ட்டிங் லிங்க் போட்டிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது. அத எனக்கு சொல்லித்தர அங்க ஆளே இல்ல, கான்ட்ராக்டருக்கு வேலை முடியணும் அவ்ளோதான்.

கை ஆறினதும் விட்டுட்டு முறையா ஒரு அனல்மின் நிலையத்துல அப்ரண்டிஸா சேந்தேன். அங்க போனப்புறம்தான் இது எவ்ளோ பெரிய படிப்புன்னு தெரிஞ்சுது. மார்கழி மாசம், விடிகாலை நாலு மணி, ஸ்விட்ச்யார்டுல, அதாவது கரண்ட லைனுக்கு அனுப்புற திறந்தவெளில, பனி எறங்குது, மேல கம்பிய தாங்குற இன்சுலேட்டர் வரிசை பூரா எண்ணெய்ல வடை போட்ட மாதிரி பொரியிற சத்தம், பீங்கான் மேல நீலமா குட்டி குட்டியா பொறி ஓடுது. பயந்து நின்னுட்டேன். கூட இருந்த சீனியர் டார்ச்ச அணைச்சிட்டு, எந்த டிஸ்க்குல (பீங்கான் தட்டுல) ஆரம்பிக்குது பாருன்னாரு. நம்ம பக்கம் கடல் உப்புக் காத்து, கூட நிலக்கரி சாம்பல், ரெண்டும் பீங்கான் மேல படியும். காஞ்சிருக்கற வரைக்கும் தொந்தரவு இல்ல, பனில நனைஞ்சா அந்த அழுக்கே கரண்டு போற வழியாயிடும், கூடிப்போச்சுன்னா ஃப்ளாஷ் ஓவர், அதாவது பீங்கான தாண்டி நெருப்பா பாஞ்சு, லைன் ட்ரிப் ஆகி நின்னுடும். ஷட்டவுன் அன்னிக்கு நானே ஏறி தொடச்சேன், வெள்ளத்துணி நாலு இழுப்புல பசை மாதிரி கறுத்துப் போச்சு, கையெல்லாம் பிசுபிசுன்னு உப்பு. கிரீபேஜ் டிஸ்டன்ஸ், அதாவது பீங்கான் மேல ஒட்டியே கரண்டு ஊர்ந்து போக வேண்டிய தூரம்னு புக்ல மனப்பாடம் பண்ணது, பீங்கான் மடிப்பு மடிப்பா ஏன் செய்றான்னு, அன்னிக்கு என் விரலால தடவிப் பாத்துதான் புரிஞ்சுக்கிட்டேன்.

ஆக எடத்த தேர்ந்தெடுக்கும்போது ஆயிரம் ரூவா கூட கொறச்சல பாக்காதீங்க, அங்க என்ன மிஷின் இருக்கு, சொல்லித்தர ஆள் இருக்கானு பாருங்க. நம்ம வடசென்னைல பொறந்ததுக்கு இது ஒரு பாக்கியம்னு நான் மனசார நம்புறேன், அத்திப்பட்டுல வடசென்னை அனல்மின் நிலையம்னு ஒரே வளாகத்துல 210 மெகாவாட் யூனிட் மூணு, 600 ரெண்டு, 2024ல தொறந்த 800 சூப்பர் கிரிட்டிகல் (ரொம்ப அதிக அழுத்த நீராவில ஓடுறது) ஒண்ணு, பக்கத்துலயே வல்லூர்ல 500 மூணு, பேசின் பிரிட்ஜ்ல கேஸ் டர்பைன், மணலி பூரா பேக்டரிங்க, பெரிய பேக்டரிங்களுக்கு சொந்தமா சப்ஸ்டேஷன். சாம்பலையும் புகையையும் நம்ம ஜனங்கதான் வாங்கிக்கிறோம், படிப்பையும் நம்ம புள்ளைங்க வாங்கட்டும்.

சேந்த மொத வாரத்துலயே தம்பி கேக்க வேண்டியது, லைன் கிளியர், அதாவது கரண்ட நிறுத்திட்டு வேலை செய்ய குடுக்குற அனுமதி, எப்படி வாங்குறீங்கன்னு. பிரேக்கர தொறந்து, லைன தனியா பிரிக்கிற ஐசோலேட்டர தொறந்து பூட்டி, வோல்டேஜ் இல்லன்னு டிடெக்டர் வச்சு பாத்து, லைன தரையோட இணைக்கிற எர்த் ராடு மாட்டி, அதுக்கப்புறம்தான் பேப்பர்ல கையெழுத்து. இதுல ஒரு படிய தாண்டுற எடமா இருந்தா சம்பளம் எவ்ளோ குடுத்தாலும் வேணாம்.

ஒரு உண்மையும் சொல்லிடணும், அப்ரண்டிஸ் முடிச்சா வேலை குடுத்தே ஆகணும்னு சட்டத்துல இல்ல. அந்த வருஷம் முடியற அன்னிக்கு கையில என்ன இருக்குங்கறதுதான் கணக்கு. நான் தினம் ஒரு நோட்டுல எழுதினேன், எந்த ரிலே, என்ன செட்டிங், எத்தன செகண்டுல ட்ரிப் ஆச்சுன்னு. அடுத்த வேலை இன்டர்வியூல அந்த நோட்ட பிரிச்சு அதுலேருந்துதான் கேள்வியே கேட்டாங்க.

ராயபுரத்துப்_பொண்ணு_பர்மிங்காம்

அக்கா, நான் கல்மண்டபம் பக்கம் வளந்தவ, இப்ப பர்மிங்காம்ல இருக்கேன். என் கொழுந்தனார் பையன் இங்க அந்தப் படிப்புலதான் இருக்கான், அதனால நேர்ல பாத்தத சொல்றேன்.

இங்க படிப்ப லெவல் லெவலா பிரிச்சிருக்காங்க, லெவல் 4, 5 வரைக்கும் ஹையர் அப்ரண்டிஸ்ஷிப், லெவல் 6னா முழு டிகிரி, டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்னு 2015ல ஆரம்பிச்சாங்க. பையன் பீஸா ஒரு பென்னியும் கட்ட வேணாம். எப்படின்னா, வருஷ சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டுக்கு மேல இருக்குற கம்பெனி எல்லாம் அதுக்கு மேல உள்ளதுல அரை பர்சன்ட் லெவியா (வரி மாதிரி) கட்டணும், 2017 ஏப்ரல்லேருந்து. அந்தப் பணம்தான் இவங்க படிப்புக்கு வருது. இங்க ஆஸ்டன் யுனிவர்சிட்டில பவர் இன்ஜினியரிங்குக்குனே அப்ரண்டிஸ் டிகிரி நடத்திருக்காங்க. வாரம் பூரா சப்ஸ்டேஷன் வேலை, நடுவுல சில வாரம் மொத்தமா கிளாஸ், கடைசில தான் செஞ்ச வேலைய எல்லாம் கோப்பா அடுக்கி வச்சு அத கேட்டுத்தான் பாஸ் போடுறாங்க. மேல அண்ணன் சொன்ன நோட்டு மாதிரியேதான்.

ஆனா தம்பி இதுக்காக இங்க வர்றது நடக்காது அக்கா, ஆசைய வளத்துக்க வேணாம்னு சொல்லுங்க. மூணு வருஷம் இந்த நாட்டுல முறையா குடியிருந்திருக்கணும், வேலை செய்ற உரிமையும் இருக்கணும். ஸ்டூடண்ட் விசால வந்து சேர முடியாது. யாராவது ஏஜென்ட் யூகே அப்ரண்டிஸ்ஷிப் வாங்கித் தரேன் ரெண்டு லட்சம் குடுன்னு வந்தா வாசல்லயே அனுப்பிடுங்க. நம்ம பெரம்பூர்லேருந்தே ஒரு குடும்பம் அப்படி நகைய வித்து குடுத்துட்டு அழுதுச்சு.

தண்டையார்பேட்டை_அக்கா

ரெண்டு பேருக்கும் கை எடுத்து கும்பிடுறேன். அண்ணே, நீங்க எழுதினத அவன்கிட்ட படிச்சு காட்டினேன், சிடி விஷயம் வந்தப்ப மூஞ்சி மாறிடுச்சு, போன மாசம் அவனையும் அதே மாதிரி கழட்ட சொல்லிருக்காங்க, பக்கத்துல ஒரு பெரியவர் கைய புடிச்சு தடுத்தாராம். இத்தன நாள் எங்ககிட்ட சொல்லவே இல்ல. ராத்திரியே போர்ட்டல்ல பதிஞ்சுட்டோம். அப்ரண்டிஸ் முடிச்சா அப்புறம் டிகிரிக்கு என்ன வழி அண்ணே, அது மட்டும் சொல்லுங்க. அவனுக்கு டிகிரி இல்லாம போயிடுமோன்னு எனக்கு பயமா இருக்கு.

ரிலே_டெஸ்டர்_எண்ணூர்

அந்தப் பெரியவர் நல்லா இருக்கணும்மா.

டிகிரிக்கு வழி இருக்கு. நான் வேலைல இருந்துட்டே பார்ட் டைம் பிஇ போனேன், ஷிப்ட் முடிச்சு சாயங்காலம் கிளாஸ், மூணரை வருஷம். இப்ப தொழில்நுட்பப் படிப்புக்கான மத்திய அமைப்பு ஏஐசிடிஇ 2023-24லேருந்து வேலை பாக்குறவங்களுக்குனே தனி பேட்ச் நடத்த காலேஜுங்களுக்கு அனுமதி குடுத்திருக்கு, டிப்ளமோகாரங்க நேரா ரெண்டாம் வருஷம், ஒரு வருஷ அனுபவம் வேணும், வேலை பாக்குற எடமும் காலேஜும் குறிப்பிட்ட தூரத்துக்குள்ள இருக்கணும். கிளாஸ் நேரம் வேலைக்கு ஏத்த மாதிரி வைப்பாங்க. எந்த காலேஜ்ல எலக்ட்ரிக்கலுக்கு இருக்குன்னு அந்த வருஷ லிஸ்ட்ட பாத்து முடிவு பண்ணுங்க.

தபால்ல பிஇ-ன்னு யாராவது சொன்னா பணம் கட்டிடாதீங்க, அனுமதி வாங்காம தபால்ல நடத்தின இன்ஜினியரிங் டிகிரி செல்லாதுன்னு 2017ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. ஏஎம்ஐஇ-ன்னும் சொல்லுவாங்க, காலேஜ் போகாமலே இன்ஜினியர்ஸ் சங்கம் வைக்கிற பரிட்சை, ஒரு காலத்துல நம்ம மாதிரி ஆளுங்களுக்கு பெரிய கதவு அது, ஆனா 2013 மே 31 வரைக்கும் பதிஞ்சவங்களுக்குத்தான் பிஇ-க்கு சமம்னு மத்திய அரசு ஏத்துக்குது.

குமார் சொன்னதுலயும் நியாயம் இருக்கு, விட்டா படிப்பு கைநழுவும். அதனால அப்ரண்டிஸ் வருஷத்துலயே தினம் ஒரு மணி நேரம் கணக்கு போடட்டும், ஷார்ட் ஆனா எவ்ளோ கரண்டு பாயும்னு போடுற ஃபால்ட் லெவல், அதுக்கு வேண்டிய பெர் யூனிட், சிமெட்ரிகல் காம்போனென்ட்ஸ். என்பிடெல்னு ஆன்லைன்ல ஐஐடி சாருங்க எடுக்குற பாடம் இலவசமாவே இருக்கு. ஒண்ணு இப்பவே குடுக்குறேன். தெருமுனைல 250 கேவிஏ டிரான்ஸ்பார்மர், 433 வோல்ட் பக்கம் முழு லோடு, 2,50,000-அ 433-ஆலயும் 1.732-ஆலயும் வகுத்தா, 333 ஆம்பியர் வரும், நேம் பிளேட்ல இம்பிடன்ஸ் (கரண்ட தடுக்குற அளவு) 4.5 பர்சன்ட்னு இருந்தா 333-அ 0.045ஆல வகுக்கணும், 7400 ஆம்பியர் கிட்ட, அங்கயே ஷார்ட் ஆனா அவ்ளோ பாயும். பியூஸும் பிரேக்கரும் அத தாங்கி அறுக்கணும். உங்க தெருல இருக்குறத வெளிய நின்னே படிச்சு, கிட்ட போகாம, இதே கணக்க போட்டு காட்ட சொல்லுங்க.

தண்டையார்பேட்டை_அக்கா

அண்ணே, போட்டுட்டான். போன்ல ஜூம் பண்ணி நேம் பிளேட்ட படிச்சானாம், எங்களுது 500 கேவிஏ, 4.5 பர்சன்ட். முழு லோடு 667, ஷார்ட் ஆனா 14,800ன்னு காலண்டர் தாள்ல எழுதி வச்சிருக்கான். சரியா? வர்ற ஒண்ணாந்தேதியோட மணலி வேலைய நிறுத்துறதா முடிவு பண்ணிட்டோம், ரெண்டு எடத்துக்கு விண்ணப்பம் போட்டாச்சு.

ரிலே_டெஸ்டர்_எண்ணூர்

ரொம்ப சரி. இது டிரான்ஸ்பார்மர் வாயில ஷார்ட் ஆனா வர்றது, டிரான்ஸ்பார்மருக்கு கரண்டு வர்ற 11 கேவி பக்கம் இருக்குற இம்பிடன்ஸ நாம சேக்கல. இனி உங்க வீட்டு மீட்டர் வரைக்கும் எத்தன மீட்டர் கேபிள்னு அடி வச்சு அளந்து, அந்த கேபிளோட ரெசிஸ்டன்ஸையும் சேத்து, வீட்டு வாசல்ல எவ்ளோ கொறையுதுன்னு போட சொல்லுங்க. விடைய இங்கயே போடட்டும், நான் பாக்குறேன்.